மந்தையை உயர்த்த வெளியூர்க் கிடா வேண்டுமா?

திருப்போரூர் பக்கம் ‘சென்னை சிவப்பு’ என்ற உள்ளூர்ச் செம்மறி இனத்தில் 40 பெட்டைகளை மேய்ச்சலில் வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். குட்டிகள் முன்போல் எடை வைப்பதில்லை. ‘நெல்லூர்க் கிடா வாங்கிப் போடு’ என்கிறார் ஆட்டு வியாபாரி. ‘தென்னாப்பிரிக்க டார்ப்பர் கிடா வாங்கு’ என்கிறது யூடியூப். வெளியூர்க் கிடாவுக்குப் பணத்தைக் கொட்டுவதா, இருக்கிற மந்தையிலேயே தேர்ந்தெடுத்து இனத்தை உயர்த்த முடியுமா? முடியும் என்றால் எத்தனை காலம் பிடிக்கும்? இரட்டைக் குட்டிக்கு வழி உண்டா? நல்ல கிடாவை விற்காமல் வைத்திருப்பது நட்டம் இல்லையா?

இருக்கிற மந்தையிலேயே முடியும். ஆனால் அதற்கு முன், உங்கள் மந்தையில் ஏற்கெனவே ஒரு தேர்வு ஆண்டுதோறும் நடந்துகொண்டிருக்கிறது என்பதைப் பாருங்கள். பக்ரீத்துக்கு இரண்டு மாதம் முன்பு வியாபாரி வருகிறார். பட்டிக்குள் நுழைந்ததும் அவர் கை எந்தக் குட்டியின் முதுகில் விழுகிறது? ஒரே பருவத்தில் பிறந்ததில் முந்தி வளர்ந்தது எதுவோ, அதன் முதுகில். விலை படிகிறது, வண்டி ஏறுகிறது. அதற்கு அடுத்த குட்டி சென்னைப் புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டிக்கு அறுப்புக்குப் போகிறது. இப்படி வளர்ந்ததெல்லாம் போய், யாரும் கேட்காமல் நின்ற ஒன்று பட்டியில் மிஞ்சுகிறது. அடுத்த பருவத்துக்குப் பொலிகிடா அதுதான். சென்னையைச் சுற்றிய செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் மந்தைகள் பலவற்றில் இதுதான் வழக்கம். விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரை விதைக்கும் உழவர் எங்கும் இல்லை. ஆட்டில் மட்டும் அதைக் கூசாமல் செய்கிறோம். குட்டிகள் முன்போல் எடை வைக்காததற்கு மேய்ச்சல் நிலம் மனையாகப் போனது பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக மெலிந்த கிடாவையே தந்தையாக்கியதற்கும் அதில் பங்கு உண்டு.

இதன் கணக்கைப் பார்ப்போம். 40 பெட்டையில் ஆண்டுக்கு 32 குட்டி தேறினால் அதில் கிடாக்குட்டி 16 இருக்கும். ஆறு மாத வயதில் அவற்றின் சராசரி எடை 14 கிலோ, முதலாவதாக நிற்பது 18 கிலோ என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 4 கிலோ. இந்த நான்கு கிலோ முழுவதும் ரத்தத்தில் வந்தது அல்ல. தாயின் பால், பிறந்த மாதம், மேய்ச்சலில் கிடைத்த அதிர்ஷ்டம் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆறு மாத எடைக்கு மரபுவழித் திறன் ஏறத்தாழ கால் பங்கு. அதாவது 4 கிலோவில் ஒரு கிலோதான் குட்டிகளுக்குக் கடத்தக்கூடியது. குட்டிக்குப் பாதி தாயிடமிருந்து வருவதால் தந்தை வழியில் சேர்வது அரைக் கிலோ.

அரைக் கிலோதானா என்று தோன்றும். மறுபக்கத்தையும் பாருங்கள். மிஞ்சிய கிடா 12 கிலோ என்றால், அதே கணக்குப்படி அது ஒவ்வொரு குட்டிக்கும் கால் கிலோவைக் குறைக்கிறது. இரண்டு கிடாக்களுக்கும் இடையே குட்டி ஒன்றுக்கு முக்கால் கிலோ வித்தியாசம். தீவனச் செலவு கூடாமல், கொட்டகை கட்டாமல் கிடைக்கும் முக்கால் கிலோ அது. அடுத்த தலைமுறை அதன் மேல் நின்று தொடங்கும். மருந்துக்கும் தீவனத்துக்கும் கொடுக்கும் பணம் அந்த ஆண்டோடு தீர்ந்துவிடுகிறது. கிடாவில் கிடைத்தது பட்டியிலேயே தங்கிவிடுகிறது.

பெட்டையைத் தேர்ந்தெடுத்தால் இவ்வளவு கிடைக்காது. கிழட்டுப் பெட்டைகளை மாற்றவே ஆண்டுக்கு எட்டோ பத்தோ பெட்டைக்குட்டி வேண்டும். பிறந்த பதினாறில் பத்தை வைத்துக்கொண்டால் அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. கிடா ஒன்று போதும் என்பதால் அங்கே கறாராக இருக்கலாம். பெட்டையில் செய்ய வேண்டியது கழிப்பதுதான்: இரண்டு பருவம் சினை பிடிக்காதது, மடிநோய் வந்து ஒரு காம்பு அடைத்தது, குட்டியைச் சேர்க்காதது, பல் விழுந்தது. இவற்றைத் தயங்காமல் விற்றுவிடுங்கள்.

இனி, வளர்ச்சியில் முதலிடம் எந்தக் குட்டிக்கு என்று எப்படித் தெரியும்? கண்ணை நம்பாதீர்கள். கண்ணுக்கு முதலில் தெரிவது வயது. 20 நாள் முன்னால் பிறந்தது எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். அடுத்துத் தெரிவது நிறம். நம் பக்கத்தில் அடர் சிவப்புக் கிடாவுக்கு ஒரு மோகம் உண்டு. நெற்றியில் வெள்ளை விழுந்தால் ஒதுக்குவோரும் இருக்கிறார்கள். சென்னை சிவப்பில் இளம் பழுப்பு முதல் அடர் பழுப்பு வரை எல்லாம் வரும், நெற்றியிலும் அடிவயிற்றிலும் வெள்ளையும் வரும். அதற்கும் எடைக்கும் தொடர்பில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நான்கு குணங்களை ஒரே நேரத்தில் துரத்தினால் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் முன்னேற்றம் பாதியாகிவிடும். நிறத்துக்கு ஓர் இடம் கொடுத்தால் எடையின் பங்கிலிருந்துதான் அதை எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம், காதில் எண் போட்ட பிளாஸ்டிக் வில்லை, ஒரு தொங்கு தராசு. குட்டி பிறந்த அன்றே தேதி, தாயின் எண், ஒற்றையா இரட்டையா, பிறப்பு எடை ஆகியவற்றை எழுதிவிடுங்கள். ‘மேய்க்கிறவருக்கு எல்லாம் முகம் பார்த்தே தெரியும்’ என்பார்கள். தெரியும்தான், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் மந்தையின் வரலாறும் அவரோடு போய்விடும்.

எடை போடுவதைக் காலையில், மேய்ச்சலுக்கு அவிழ்க்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மேய்ந்து தண்ணீர் குடித்து வந்த வயிறு கணக்கையே கெடுத்துவிடும். சாக்கை நெடுக்காக மடித்துக் குட்டியின் வயிற்றுக்கடியில் கொடுத்து, இரு முனையையும் கயிற்றால் சேர்த்துக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் கால் தரையை விட்டு எழும். முதலில் உதறும். நாலைந்து நொடியில் ஓய்ந்து தொங்கும்போது முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை, குறிப்பிட்ட ஒரே தேதியில் எல்லாவற்றையும் போட்டுவிடலாம்.

பிறகு வயதைச் சமன்செய்ய வேண்டும். இரண்டு குட்டிகள், பிறப்பு எடை இரண்டுக்கும் இரண்டரைக் கிலோ. ஒன்று 200 நாளில் 17 கிலோ. மற்றது 165 நாளில் பதினைந்தரை. தராசில் முதலாவது பெரிது, வியாபாரியும் அதைத்தான் கேட்பார். கூடிய எடையை நாளால் வகுத்து 180 நாளுக்குப் பெருக்கி, பிறப்பு எடையைச் சேர்த்துப் பாருங்கள். முதலாவது சுமார் 15.5 கிலோ, இரண்டாவது 16.7. வைத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவதை. இந்த வகுத்தல் கணக்கு ஒன்றைச் செய்தாலே கண்பார்வைத் தேர்வைவிட வெகுதூரம் முன்னால் போய்விடுவீர்கள்.

ஆறு மாதத்தை ஏன் பிடித்துக்கொள்கிறோம் என்றால், மூன்று மாத எடையில் பேசுவது பெரும்பாலும் தாயின் மடிதான். பால் மறந்த பிறகு குட்டி தானாக மேய்ந்து வளர்ந்ததுதான் அதன் சொந்தச் சரக்கு. காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் சென்னை சிவப்பு ஆட்டுக்கான பணி நெடுங்காலமாக நடக்கிறது. உங்களுக்குப் பக்கம்தானே, ஒரு நடை போய்ப் பாருங்கள். பதிவேடு எப்படி வைக்கிறார்கள் என்று பார்ப்பதே பாதிப் பாடம்.

எடையில் முதல் மூன்றாக நிற்பவற்றைப் பிடித்து நிறுத்திக் கையால் பாருங்கள். விதை இரண்டும் இறங்கியிருக்க வேண்டும், ஒரே அளவாக, அழுத்தினால் கட்டி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு விதைக் கிடா எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வேண்டாம். கீழ்ப்பல் மேல் ஈறோடு பொருந்துகிறதா, முன்னங்கால் நேராக ஊன்றுகிறதா, குளம்பு விரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு தாயின் பக்கத்தைப் புரட்டுங்கள். ஆண்டு தவறாமல் ஈன்று வளர்த்த தாயின் மகன் என்றால் இன்னும் நல்லது. கிடாக்குட்டிகளை ஐந்து மாதத்துக்குள்ளேயே பெட்டைகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள், ஆறு மாதத்தில் தேர்ந்ததை வைத்துக்கொண்டு மற்றக் கிடாக்களைப் பிரித்தே வையுங்கள், அல்லது காயடித்துவிடுங்கள். மேய்ச்சலில் ஒரு கள்ளக் கிடா திரிந்தால் நோட்டில் எழுதிய தந்தை பெயரெல்லாம் பொய்யாகிவிடும்.

எடை ஒன்றையே பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குக் கோழியைப் பார்த்தால் போதும். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து பிராய்லர் வம்சங்களை ஒரே தீவனம் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 56 நாளில் எடை முறையே 905 கிராம், 1,808 கிராம், 4,202 கிராம். தீவனம் ஒன்றே என்பதால் இந்த வித்தியாசம் முழுவதும் தேர்வால் வந்தது. ஐம்பது ஆண்டுக்குள் நான்கரை மடங்கு! நாம் கடையில் உரித்து வாங்கும் கோழியின் பின்னணி இதுதான். இதற்கு விலையும் உண்டு. காலும் இதயமும் உடம்பின் வேகத்துக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன. முட்டையிடும் தாய்க்கோழிகளைப் பசியோடு அளந்து வளர்க்க வேண்டியிருக்கிறது. வயிறாரத் தின்றால் அவை முட்டைக்கு நிற்பதில்லை.

கோழி தீவனப் பையை நம்பி வாழ்கிறது. உங்கள் ஆடு சித்திரை வைகாசியில் காய்ந்த ஏரியின் அடியைக் கரண்டித் தின்கிறது. பெரிய உடம்புள்ள பெட்டைக்கு அந்த உடம்பைக் காப்பாற்றவே கூடுதல் தீனி வேண்டும். அது கிடைக்காத ஆண்டில் அது பருவத்துக்கே வராது. அதனால் ஆறு மாத எடையைக் கூட்டுங்கள், வளர்ந்த ஆட்டின் உயரத்தைத் துரத்தாதீர்கள்.

எடையோடு இன்னொன்றைச் சேர்க்கச் சொன்னால் நான் குடற்புழுவைச் சொல்வேன். இந்தக் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ரத்தம் உறிஞ்சும் வயிற்றுப்புழு பெருகிவிடும். கீழிமையை விரலால் இழுத்துப் பாருங்கள். உட்புறம் சிவந்திருந்தால் சரி; வெளுத்துக் காகிதம்போல் இருந்தால் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. மந்தை முழுவதும் ஒரே மேய்ச்சலில்தான் நிற்கிறது, ஆனால் மருந்து கேட்டு நிற்பவை திரும்பத் திரும்ப அதே சில ஆடுகள்தான் என்பதை இரண்டு மழைக்காலம் எழுதிவைத்தால் கண்டுகொள்வீர்கள். புழுவைத் தாங்கும் சக்தியும் வம்ச வழியாக இறங்குவதுதான், ஏறத்தாழ எடை இறங்கும் அதே அளவுக்கு. எல்லா ஆட்டுக்கும் தேதி வைத்து மருந்து ஊற்றுகிறவருக்கு இந்த வித்தியாசம் ஒருநாளும் தெரியவராது. வெளுத்ததற்கு மட்டும் ஊற்றுங்கள், எண்ணைக் குறியுங்கள், அதன் மகனைக் கிடாவாக வைக்காதீர்கள்.

எடையில் முந்தும் குட்டி எப்படி முந்துகிறது என்பதையும் ஒரு கண் பாருங்கள். சில குட்டிகள் அயல் தாயின் மடியில் பின்னாலிருந்து திருடிக் குடித்தே கொழுக்கும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் முட்டைக் கோழிகளில் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சோதித்தார். தனித்தனிக் கோழியாகப் பார்க்காமல், ஒரே கூண்டில் வாழும் குடும்பத்தின் மொத்த முட்டையை வைத்துக் குடும்பத்தையே தேர்ந்தெடுத்தார். கொத்திக்கொள்வதால் நிகழ்ந்த சாவு பெருமளவில் குறைந்தது. 1996இல் அவர் வெளியிட்ட முடிவின்படி இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த இறப்பு, நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதம். முதலிடம் பிடிக்கும் தனிக்கோழி பல நேரம் மற்றவற்றை அடக்கித்தான் அங்கே வந்திருக்கிறது.

வெளியூர்க் கிடாவுக்கு வருவோம். நெல்லூர் ஆடு நம் இனத்தைவிட உயரம், எடையும் கூடுதல். அதைப் போட்டால் முதல் தலைமுறைக் குட்டிகள் நன்றாகவே வளரும். இனம் மாறிச் சேர்வதால் வரும் ஒரு வீரியமும் அதில் உண்டு. எல்லாக் குட்டியையும் கறிக்கே விற்றுவிடும் திட்டம் இருந்தால் இதில் தவறே இல்லை. சிக்கல், அந்தக் கலப்புப் பெட்டைகள் அழகாக இருக்கிறதே என்று நீங்கள் வைத்துக்கொள்ளும்போது தொடங்குகிறது. கலப்புக்குள் கலப்பு சேர்த்தால் அந்த வீரியத்தில் பாதி அடுத்த தலைமுறையிலேயே போய்விடும். பெருந்தீனி கேட்கும் உடம்பு மட்டும் தங்கும். பத்து ஆண்டு கழித்து உங்களிடம் நெல்லூரும் இருக்காது, சென்னை சிவப்பும் இருக்காது. டார்ப்பர் தென்னாப்பிரிக்காவில், டார்செட் ஹார்ன் என்ற இங்கிலாந்து ஆட்டையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் சேர்த்து உருவாக்கியது. வறண்ட நிலத்துக்குப் பேர்போனது. நம் மார்கழி ஈரத்தில், சேற்றில் நிற்கும் பட்டியில், அந்த விலை கொடுத்து நான் வாங்கமாட்டேன். வேலியடைத்த புல்லும் அடர்தீவனமும் உள்ளவர் செய்து பார்க்கட்டும்.

உங்கள் மந்தைக்குள்ளேயே சுற்றினால் ரத்தம் நெருங்கிவிடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். நெருங்கும். ஒரே கிடாவும் 40 பெட்டையுமாக மூடிய மந்தையில் தலைமுறைக்கு ஏறத்தாழ 13 சதவீதம் ரத்த நெருக்கம் கூடும். அப்பன் மகளோடு சேர்ந்தால் பிறக்கும் குட்டிக்கு 25 சதவீதம். குட்டி சிறுத்துப் பிறப்பது, முதல் வாரத்திலேயே சாவது, கிடா சோம்பிப் போவது எல்லாம் அதன் அடையாளங்கள். மாடுகளில் இதன் விபரீதத்தை உலகமே பார்த்தது. 1962இல் பிறந்த ‘சீஃப்’ என்ற ஹோல்ஸ்டீன் கறவை இனக் காளைக்கு உறைவிந்து மூலம் 16,000 மகள்கள். பால் ஏராளமாகக் கூடியது. ஆனால் அந்தக் காளை கருவைக் கொல்லும் ஒரு மரபணுக் குறையையும் சுமந்திருந்தது. இரு பக்கமும் அந்த வம்சம் சேர்ந்தபோது சுமார் 5 லட்சம் கன்றுகள் கருவிலேயே அழிந்தன என்று பின்னாளில் கணக்கிட்டார்கள்.

ஆட்டில் தீர்வு எளிது. கிடாவை ஒன்றரை, இரண்டு ஆண்டுக்கு மேல் வைக்காதீர்கள். அதன் மகள்கள் பருவத்துக்கு வரும் முன் மாற்றிவிட வேண்டும். உங்களைப் போல் நோட்டு வைக்கத் தயாராக இருக்கும் நான்கைந்து மந்தைக்காரர்கள் கேளம்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வரை இருப்பார்கள். கிடாக்களைச் சுழற்சியில் விடுங்கள்: உங்களுடையது அவருக்கு, அவருடையது அடுத்தவருக்கு. இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ராபர்ட் பேக்வெல் (1725-1795) என்ற கால்நடை வளர்ப்பாளர் கிடாவை விற்காமல் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். வாடகை வருமானம் ஒரு பக்கம். ஒரே கிடாவின் குட்டிகள் பல பண்ணைகளில் எப்படி வளர்கின்றன என்று பார்த்து, சிறந்ததைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் வசதி இன்னொரு பக்கம். உங்கள் வட்டத்துக்கும் அந்த வசதி வந்துவிடும். பேக்வெல்லின் ஆடுகள் சீக்கிரம் கொழுத்தன. ஆனால் குட்டிகள் எண்ணிக்கையில் குறைந்தன என்ற குறை அப்போதே எழுந்தது. மேலே கோழிக்குச் சொன்னதுதான்.

மாட்டுக்குச் சினை ஊசி போடுவதுபோல் ஆட்டுக்கும் போட்டால் கிடா மாற்றும் தொல்லை இல்லையே என்று நினைக்கலாம். ஆவடியை அடுத்த அலமாதியில் எருமைக்கும் மாட்டுக்கும் உறைவிந்து தயாராகிறது, ஊரூராகப் போகிறது. செம்மறியின் கருப்பை வாய் திருகித் திருகிப் போவதால் உறைவிந்தைச் சாதாரணக் குழலால் உள்ளே செலுத்துவது கடினம். வயிற்றைத் துளைத்துச் செய்ய வேண்டும். மேய்ச்சல் மந்தைக்கு அது ஒத்துவராது.

இரட்டைக் குட்டி. சாதாரணத் தேர்வில் இது வெகு மெதுவாகத்தான் நகரும், ஏனெனில் ஈற்றுக் குட்டி எண்ணிக்கையின் மரபுவழித் திறன் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ். இதற்கு விலக்காக, ஈற்றில் குட்டிகளைக் கூட்டும் ஒரு தனி மரபணு இருக்கிறது. சுந்தரவனத்துச் சிற்றாடான கரோலில் இருப்பது. 1792, 1793இல் வங்காளத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறிய ஆடுகள் வழியாகத்தான் அது அங்குள்ள பூரூலா மெரினோ என்ற ஆட்டினத்துக்கும் போனதாகக் கருதப்படுகிறது. 2001இல் அந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். மகாராஷ்டிரத்தின் பல்டணில் உள்ள நிம்ப்கர் ஆராய்ச்சி நிறுவனம் அதை உள்ளூர்த் தக்காண ஆட்டில் ஏற்றி ‘நாரி சுவர்ணா’ ஆட்டை உருவாக்கியது. அங்கே அது நன்றாக நடக்கிறது. உங்கள் மந்தைக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒரு குட்டிக்கே மூன்று மாதம் பால் போதாத மேய்ச்சலில் இரண்டு பிறந்தால் ஒன்று சாகும், மற்றதும் மெலியும். முதலில் சினைக் காலத்தின் கடைசி ஆறு வாரம் கையில் ஏதாவது தீவனம் வைக்க வழி செய்யுங்கள். அதன் பிறகு இரட்டையைப் பற்றிப் பேசலாம்.

காலம் எவ்வளவு? இன்று பிறக்கும் கிடாக்குட்டியை ஆறு மாதத்தில் தேர்ந்து, ஒன்றேகால் வயதில் சேர்த்தால், ஐந்து மாதச் சினைக்குப் பின் அதன் குட்டிகள் பிறக்கும். அவற்றின் ஆறு மாத எடை உங்கள் கைக்கு வர இரண்டு ஆண்டுக்குச் சற்று மேல். முதல் சுற்றில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மழை நன்றாகப் பெய்த ஆண்டின் எடை அதை மூடிவிடும், பொய்த்த ஆண்டு உங்களைச் சோர்வடையச் செய்யும். மூன்றாவது கிடாவின் குட்டிகள் வரும்போது நோட்டில் தெரியும்.

கடைசிக் கேள்வி, பணம். பக்ரீத்துக்கு நல்ல விலை போகும் கிடாவை நிறுத்துவது நட்டமில்லையா? அந்தக் கிடா இரண்டு ஆண்டில் தேறும் சுமார் 60 குட்டிக்குத் தந்தையாகும். மிஞ்சியதைப் போட்டிருந்தால் கிடைப்பதைவிடக் குட்டிக்கு முக்கால் கிலோ என்றால் மொத்தம் 45 கிலோ உயிர் எடை. அதைத் தவிர அதன் மகள்கள் பத்துப் பதினைந்து பட்டியில் தங்கும். கிடாவின் விலையும் எங்கும் போய்விடவில்லை. வேலை முடிந்த பிறகு வருகிற ஒரு பக்ரீத்துக்கு, முழு வளர்ச்சியோடு, முறுக்கிய கொம்போடு அதைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆறு மாதக் குட்டியாக விற்றிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடக் கூடுதலாகவே கேட்கலாம்.